உம்பிலோ அம்மாவுக்கு தீ மிதிச்சேன், வேண்டுதல் முடிஞ்சது

2022 ஏப்ரல் 11 ராத்திரி பெஞ்ச மழையை தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருந்தவங்க யாரும் மறந்திருக்க மாட்டாங்க. சில இடத்துல ஒரே நாள்ல 300 மில்லிமீட்டருக்கு மேல கொட்டி, டர்பன்லயே சாட்ஸ்வொர்த் ஏரியாவுல மண்ணு சரிஞ்சு வீடுங்க போயி, மாகாணம் முழுக்க 400 பேருக்கு மேல செத்தாங்க. எங்க வீட்டுக்காரருக்கு அப்போ இசிப்பிங்கோ பக்கம் வேலை. கிளம்பிட்டேன்னு ஒரு போன் வந்துச்சு, அதோட சரி, அப்புறம் கரண்டும் இல்ல சிக்னலும் இல்ல. சாமி ரூம்ல உக்காந்து அழுதேன், பொறந்ததுலருந்து கும்பிட்ட சமயபுரத்தாளைத்தான் நினைச்சேன், ஆனா வாயில வந்தது இங்க டர்பன்ல இருக்குற உம்பிலோ கோயில் திரௌபதியம்மா பேரு. இவரை உயிரோட கொண்டாந்து விட்டுரு தாயே, உன் குழியில இறங்குறேன்னு சொல்லிட்டேன்.

விடிஞ்சப்புறம் வந்தாரு, கால்ல செருப்பு இல்லாம, உடம்பெல்லாம் சேறு. கார் மிதக்க ஆரம்பிச்சதும் கண்ணாடியை உடைச்சு இவரை இழுத்து மேட்டுல ஏத்தினது யாரோ ஒரு ஜூலு பையன், பேரு கேக்குறதுக்குள்ள அடுத்த காருக்கு ஓடிட்டானாம்.

அன்னிலருந்து நான் பாக்குற உலகமே வேற. குழாய்ல தண்ணி வராம லாரிக்கு பக்கெட்டோட நின்னப்போ முன்னப்பின்ன பேசாத தெருக்காரங்க எல்லாம் கைக்குழந்தைக்காரிய முன்னாடி விடுங்கன்னு வழி விட்டாங்க. இப்பவும் இவரு கேட் திறக்குற சத்தம் கேட்டா என் கை தானா கும்பிடுது. அதுக்கு முன்னாடி சம்பளம், நகை, ஊர்ல வீடுன்னு நாங்க போட்ட சண்டை எல்லாம் எங்க போச்சுன்னே தெரியல.

அடுத்தடுத்து ஏதோ தடங்கல், இந்த வருஷம் குட் ஃப்ரைடேக்குத்தான் அம்மா கூப்பிட்டா. சமயபுரத்துக்கு வந்து அக்னிச்சட்டி எடுத்தா போதாதாடின்னு திருச்சிலருந்து எங்கம்மா கேட்டாங்க, யாரை கூப்பிட்டேனோ அவளுக்குத்தான்மா செய்யணும்னு சொல்லிட்டேன். காப்பு கட்டி விட்டது பக்கத்து வீட்டு ஆயா, அவங்க முன்னோருங்க கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தத்துல வந்தவங்க, ஈஸ்டருக்குத்தான் லீவு கிடைக்குமாம், அதான் இங்க தீமிதி குட் ஃப்ரைடேல.

கூட்டம் சொல்லி மாளாது. கார் நிறுத்தவே ஒருத்தன் காசு கேக்குறான், பத்தடி தள்ளி இன்னொருத்தன் கேக்குறான், தேங்காய் கற்பூரம் எல்லாம் ரெட்டை விலை, குழி ஓரத்துல விரதம் இருக்குறவங்களுக்கே வழி விடாம போனை தூக்கிட்டு வீடியோ எடுக்குறாங்க. அம்மா சன்னதியில இது ரொம்ப தப்புங்க, நிர்வாகத்துல இருக்குறவங்க கண்டிப்பா கவனிக்கணும்.

ஆனா அந்த கதவை பத்தி சொல்லியே ஆகணும். 1875ல உம்பிலோ ஆத்தங்கரையில கட்டின கோயிலு, 1905 வெள்ளத்துல போச்சு. 1947ல இப்ப இருக்குற இடத்துல கட்டினப்போ பழைய கோயில்லருந்து மீட்ட மரக்கதவை இங்க வெச்சாங்க. ஆயா என் கையை பிடிச்சு அதுல வெச்சாங்க. வெள்ளத்துக்கு தப்பின மரம்! அம்மா வீட்டையே ஆறு அடிச்சிட்டு போயிருக்கு, அந்த ராத்திரி நான் பட்ட தவிப்பு அவளுக்கு தெரியாதா, சமயபுரத்தாளை நினைச்ச என் வாயில இவ பேரை வரவெச்சது இவளேதான்னு அங்கதான் எனக்கு புரிஞ்சது. உடம்பு நடுங்கிருச்சு, கதவுல தலையை சாச்சு சத்தமா அழுதேன், பின்னாடி வரிசையில நின்னவங்க ஒருத்தரும் நகருன்னு சொல்லல.

குழி இறங்கினது ஒரு நொடி மாதிரிதான் இருக்கு. உடுக்கை சத்தம், மஞ்சத்தண்ணி, எதிர்ல அம்மா முகம், அவ்வளவுதான் ஞாபகம். அந்தப் பக்கம் இவரு குழந்தையோட நின்னாரு.

அர்ச்சனைக்கு எங்க மூணு பேர் பேரோட அந்த பையனுக்கும் சேத்து பண்ண சொன்னேன். பேரு என்னன்னு அய்யரு கேட்டாரு, அம்மாவுக்கு தெரியும் சாமின்னேன், அவரும் அப்படியே சொல்லி பூ போட்டாரு. அப்புறம் சோறு, பருப்பு, பூசணிக்காய் கறின்னு வயிறார சாப்பாடு போட்டாங்க, போட்ட கைங்களுக்கெல்லாம் கோடி புண்ணியம். அடுத்த வருஷம் கஞ்சி ஊத்த எங்களையும் சேத்துக்கோங்கன்னு பேரு குடுத்துட்டு வந்திருக்கோம். தாயே, நீ குடுத்த மனுஷன், நீ குடுத்த வீடு, உனக்கு கோடி நமஸ்காரம். ஓம் சக்தி!