600 புஷ்ஷுக்கு 31 மாதம்

பணம் வந்துவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசிவரை "வந்துச்சா இல்லையா" என்று பதறிக்கொண்டே படிப்பீர்கள். 2020 நவம்பரில் "இந்தப் பொருளைச் செய்துதர விருப்பம்" என்று ஒரு பட்டனை அமுக்கினேன். 2023 ஜூனில் காசு கணக்கில் ஏறியது. பொருள் என்ன என்றால், உள்ளங்கையில் அடங்கும் எஃகு புஷ், அதாவது மெஷினில் தண்டு உட்காரும் உருளை வளையம், 600 எண்ணம். எங்கள் இரண்டு சி.என்.சி. மெஷினில் பதினோரு நாளில் முடிந்த வேலை.

எங்கள் பட்டறை கோவை கணபதியில். அப்பா காலத்திலிருந்து பம்ப் உதிரிபாகம்தான் சோறு. 2019 ஜனவரியில் திருச்சியில் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தைத் தொடங்கிவைத்தார்கள். சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று ஐந்து ஊர். அந்த வருடம் எங்கள் தெரு டீக்கடையில்கூட டாங்கிப் பேச்சுதான். அப்புறம் கொரோனா வந்து பம்ப் ஆர்டர் படுத்தது. 2020 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சகம் ஸ்ரீஜன் என்ற தளத்தைத் திறந்தது. இதுவரை வெளிநாட்டிலிருந்து வாங்கிய பொருட்களைப் படத்தோடு போட்டு, உள்நாட்டில் யார் செய்வீர்கள் என்று கேட்கும் தளம். அதில்தான் இந்தப் புஷ்ஷைப் பார்த்தேன். அப்பாவிடம் சொன்னதற்கு, "கவர்ன்மென்ட் காசு கண்டிப்பா வரும் கண்ணு. எப்ப வரும்னு மட்டும் கேக்காதே" என்றார். 2001 வரை ராணுவத் தளவாடத் தயாரிப்பு அரசு நிறுவனங்களுக்குத்தான், தனியார் உதிரிபாகம் கொடுப்பதோடு சரி. அந்தக் காலத்து ஆள் அவர். நான் சிரித்தேன்.

பொருளை வாங்குவது மாநிலத்துக்கு வெளியே உள்ள ஒரு அரசுத் தொழிற்சாலை. பெயர் வேண்டாம், இன்னும் அவர்களிடம் வியாபாரம் பாக்கி இருக்கிறது.

நான்கு மாதம் கழித்து மின்னஞ்சல் வந்தது: வெண்டராக, அதாவது சரக்குக் கொடுப்பவராக, பதிவு செய்துகொள்ளவும். சிறு தொழில் என்று காட்டும் உத்யம் சான்றிதழ் ஐந்து நிமிட வேலை, ஏற்கெனவே கையில் இருந்தது. சிக்கல் வேறு இடத்தில் முளைத்தது, என் இனிஷியலில். ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால். பான் அட்டையில் அதே இனிஷியல் அப்பா பெயராக விரிந்து முன்னால். டிஜிட்டல் கையெழுத்தில் இனிஷியலே இல்லை. நமக்கு இது மூன்றும் ஒரே ஆள். அந்த அலுவலகத்துக்கு மூன்று ஆள். இரண்டு முறை விண்ணப்பம் திரும்பி வந்தது. மூன்றாம் முறை, அந்தப் பிரிவில் வேலை பார்த்த ஒரு திருநெல்வேலிக்காரர்தான் போனில் காப்பாற்றினார். "மூணும் ஒரே ஆள்தான்னு நோட்டரி அஃபிடவிட் ஒண்ணு போட்டு அனுப்புங்கண்ணே, இங்க நம்மூர் இனிஷியல் யாருக்கும் புரியாது." போட்டேன். போனது. நீங்கள் இந்தப் பக்கம் போவதாக இருந்தால், முதல் நாளே அந்த அஃபிடவிட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வரைபடம். ராணுவப் பொருளின் டிராயிங்கை மெயிலில் அனுப்ப மாட்டார்கள், நேரில் வந்து கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். நியாயம்தான். ஒரு நாளுக்கு மேல் ரயிலில் உட்கார்ந்து போனேன். வாசலில் நிறுத்திவிட்டார்கள். உள்ளே போவதற்கான பாஸுக்கு முன்னாடியே தகவல் வந்திருக்க வேண்டுமாம். எனக்குக் கடிதம் போட்ட பிரிவு பாதுகாப்புப் பிரிவுக்குச் சொல்லவில்லை. உள்ளே இருப்பவருக்குப் போன் போடலாம் என்றால் அவர் விடுப்பில். அன்று வெள்ளிக்கிழமை வேறு. லாட்ஜில் இரண்டு நாள் கிடந்து திங்கட்கிழமை போனால், ரகசியம் காப்பதாக எழுதித்தரும் ஒப்பந்தம் நூறு ரூபாய் முத்திரைத்தாளில் வேண்டும், நீங்கள் கொண்டு வந்தது வெள்ளைத்தாள் என்றார்கள். முத்திரைத்தாளில் வேண்டும் என்று கடிதத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "இது எல்லாருக்கும் தெரியும்" என்று பதில். ஊர் திரும்பினேன். இரண்டாம் அலை ஊரடங்கு முடிந்து ஜூலையில் மறுபடி போய்த்தான் டிராயிங்கைக் கண்ணால் பார்த்தேன்.

பார்த்த பிறகுதான் நிஜமான தலைவலி. டிராயிங் ரஷ்யாவிலிருந்து வந்தது. எஃகின் தரம் ரஷ்ய எண்ணில் போட்டிருந்தது. அதற்கு நம்மூரில் ஈடு இ.என். 24 என்று எங்கள் பட்டறைப் பையனுக்குக்கூடத் தெரியும். நிக்கல், குரோமியம், மாலிப்டினம் எல்லாம் கிட்டத்தட்ட அதே அளவு. ஆனால் "இதற்குப் பதில் அதைப் போடலாம்" என்று எழுத்தில் கொடுக்க ஆள் இல்லை. வாங்கும் பிரிவு தொழில்நுட்பப் பிரிவைக் காட்டியது. தொழில்நுட்பப் பிரிவு, டிராயிங்குக்குப் பொறுப்பு தாங்கள் இல்லை, அது வேறு அலுவலகம் என்றது. அந்த அலுவலகம், தொழிற்சாலை எழுதிக் கேட்டால்தான் பதில் தருவோம், வெண்டர் கேட்டால் தர மாட்டோம் என்றது. மூன்றும் ஒரே அமைச்சகத்தின் கீழ். நடுவில் கோவைக்காரன் ஒருத்தன் தபால்காரன் மாதிரி ஓடிக்கொண்டிருந்தேன்.

இதற்குள் 2021 அக்டோபர் 1 வந்தது. அன்றைக்கு நாட்டின் 41 படைக்கலத் தொழிற்சாலைகளையும் வாரியத்திலிருந்து பிரித்து ஏழு அரசு நிறுவனங்களாக ஆக்கினார்கள். எங்கள் புஷ்ஷை வாங்கும் தொழிற்சாலையும் அதில் ஒன்று. செய்தித்தாளில் படிக்கும்போது நல்ல விஷயமாகத்தான் பட்டது: சுதந்திரம் கிடைக்கும், முடிவு சீக்கிரம் எடுப்பார்கள் என்று. எங்களுக்கு நடந்தது என்னவென்றால், பாதியில் நின்ற பதிவு காலாவதி. புதுக் கம்பெனிக்குப் புது பான், புது ஜி.எஸ்.டி. எண், புதுப் படிவம். முதலிலிருந்து. திருநெல்வேலிக்காரர் குரலே மாறியிருந்தது. "நேத்துவரைக்கும் நான் மத்திய அரசு ஊழியன். இன்னைக்குக் கம்பெனிக்கு டெபுடேஷன்ல வந்தவன், ரெண்டு வருஷத்துக்கு. அப்புறம் என்னன்னு எங்களுக்கே தெரியலண்ணே, உங்க ஃபைலை எங்க தேட?" அந்தத் தொழிற்சாலை ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்யாமலிருக்க அந்த வருடமே தனிச் சட்டம் வந்திருந்தது. அவர் மேல் கோபப்பட எனக்கு மனசு வரவில்லை. வெண்டர் எண் 2022 ஜனவரியில் கிடைத்தது, எஃகு அனுமதி பிப்ரவரியில். சாம்பிள் ஐந்து எண்ணம் செய்து அனுப்பினோம், தேறியது.

விலைக்கு வருவோம். டெண்டரில் நாங்கள்தான் எல்-1, அதாவது ஆகக் குறைந்த விலை போட்டவர். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இல்லை, எல்-1 ஆனாலும் விலையைக் குறைக்கச் சொல்லிக் கூப்பிடுவார்கள். மேசையில் ஒரு தாள் வைத்திருந்தார்கள்: கடைசியாக வாங்கிய விலை, எல்.பி.ஆர். அது 2015-இல் இறக்குமதி செய்த விலை. டாலர் 64 ரூபாய் இருந்த காலம். பேச்சு நடந்த 2022 ஜூலையில் டாலர் 79-ஐத் தொட்டிருந்தது, எஃகு விலையும் ஏறியிருந்தது. இதைச் சொன்னால், "தணிக்கையில் எங்களைத்தான் கேட்பார்கள்" என்கிறார் எதிரில் இருப்பவர். அவர் பயமும் பொய்யில்லை. ஆனால் என் நிலைமையைப் பாருங்கள். பம்ப் புஷ் என்றால் ஒருத்தன் விலை கட்டாவிட்டால் பக்கத்துத் தெருவில் இன்னொருத்தனிடம் போவேன். இந்தப் புஷ்ஷை உலகத்தில் ஒரே ஆள்தான் வாங்குவான். அவனே தொழிற்சாலையின் முதலாளி, அவனே தரம் பார்ப்பவன், சட்டம் எழுதுபவனும் அவன்தான். சோதனையில் தேறாமல் போனால் அந்தத் துண்டை அறுத்துத்தான் பழைய இரும்புக்குப் போட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். கடைசியில் புஷ் ஒன்றுக்கு 840 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டேன். லாபம் என்று பெரிதாக ஒன்றுமில்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை. சிறு தொழில் என்றால் டெண்டர் முன்பணம் கட்ட வேண்டாம் என்பது சரி. ஆனால் ஆர்டர் வந்த பிறகு கட்டும் செயல்பாட்டுப் பிணைத்தொகைக்கு அந்தச் சலுகை இல்லை. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள், நானும்தான். அப்போது 3 சதவீதம், எங்களுக்கு 15,120 ரூபாய். பெருமையாக வங்கி உத்தரவாதம் வாங்கிக் கொடுத்தேன். வங்கியின் வாசகம் அவர்களுடைய வாசகத்தோடு ஒரு வரியில் ஒத்துவரவில்லை என்று திருப்பிவிட்டார்கள். இவ்வளவு சின்னத் தொகைக்கு அந்தப் பக்கமே போகாதீர்கள். அவர்கள் பெயருக்கு அடகு எழுதிய வைப்புநிதி ரசீது போதும், ஒரே நாளில் முடிந்தது.

சரக்கை நவம்பரிலேயே தயாராக வைத்துவிட்டு, சோதனைக்கு வாருங்கள் என்று எழுதினேன். டிசம்பர் முடிவு கடைசி நாள். சோதிப்பவர் வந்தது ஜனவரி மூன்றாம் வாரம். 600-இல் ஒன்றும் தள்ளுபடி ஆகவில்லை, எங்கள் ஃபோர்மேனுக்கு அன்று பிரியாணி. சந்தோஷம் பில் போடும்வரைதான். தாமதத்துக்கு வாரம் அரை சதவீதம் வீதம் பிடித்துவிட்டார்கள். தாமதம் யாருடையது? நான் சோதனைக்குக் கூப்பிட்ட மெயில் தேதியோடு இருந்ததால் வாதாட முடிந்தது. ஆனாலும் நான் செய்த தப்பு ஒன்று உண்டு: கடைசி நாள் தாண்டுவதற்கு முன்பே, அபராதம் இல்லாமல் தேதியை நீட்டித் தரும்படி எழுதியிருக்க வேண்டும். தேதி தாண்டிய பிறகு கேட்பது வேறு, அதற்குள் கேட்பது வேறு. பிடித்ததில் பாதிதான் திரும்பக் கிடைத்தது.

அப்புறம் பணம். சட்டப்படி சரக்கை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் சிறு நிறுவனத்துக்குப் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. மார்ச் போனது, ஏப்ரல் போனது. போன் எடுத்தால் "பில் அக்கவுண்ட்ஸில் இருக்கு". அக்கவுண்ட்ஸில் கேட்டால் "ஸ்டோர்ஸிலிருந்து ரசீது வரவில்லை". மே மாதம் என் ஆடிட்டர், "சமாதான் தளத்தில் ஒரு புகார் போடுங்க சார், காசா பணமா" என்றார். சிறு தொழில்காரர்கள் வராத பணத்துக்குப் புகார் போட அரசாங்கமே வைத்த தளம் அது. அரசாங்கத்தின் மேல் அரசாங்கத்திடமே புகாரா, அடுத்த ஆர்டர் போய்விடாதா என்று ஒரு வாரம் தூக்கமில்லை. ஒரு ராத்திரி போட்டேவிட்டேன். நான்காம் நாள் காலையில், அதுவரை என் போனை எடுக்காத அதிகாரி தானாகக் கூப்பிட்டார். புகாரைத் திரும்பப் பெற முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார். பணம் ஏறிய மறுநாள் வாங்கிக்கொள்கிறேன் என்றேன், அதே மரியாதையோடு. வட்டியைக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று ஆடிட்டர் இன்னும் திட்டுகிறார்.

போன வாரம் அதே புஷ்ஷுக்கு மறுபடி டெண்டர் வந்திருக்கிறது. இந்த முறை 900 எண்ணம். திருநெல்வேலிக்காரருக்குப் போன் போட்டு எல்.பி.ஆர். என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். 840 ரூபாயாம், என் விலையேதான். ஒன்பது சதவீதம் ஏற்றிப் போட்டிருக்கிறேன். அஃபிடவிட் இரண்டு நகல், முத்திரைத்தாள் மூன்று பையில் தயாராக இருக்கிறது.