ஆடிக் காற்றில் ஜெட் மாடலை இறக்குவது

ரிமோட்டில் பறக்கும், 70 மி.மீ. டக்டட் ஃபேன் (குழாய்க்குள் சுழலும் மின்விசிறி) வைத்த, ரெண்டு கிலோ எடையுள்ள ஜெட் மாடல் மணிக்குச் சுமார் 45 கி.மீ. வேகத்தில் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்குதிறனை இழந்துவிடும். இறங்க வரும்போது அதற்கு 1.3 மடங்கு, அதாவது 60 வேண்டும். ஆனி, ஆடியில் நம்ம பக்கம் 25 கி.மீ. வேகத்தில் மேல்காற்று (மேற்கிலிருந்து வீசுவது) சாதாரணம். காற்றோடு கிழக்கே போகும்போது அதே 60, தரையில் நிற்பவர் கண்ணுக்கு 85 ஆகத் தெரியும். 'ரொம்ப வேகமாப் போகுதே' என்று கை தானாகவே த்ராட்டிலை (ஃபேன் வேகத்தை) குறைக்கும். மாடல் கையை விட்டுப் போவது பெரும்பாலும் அங்கேதான். காற்றை எதிர்த்து இறங்க மேற்கே திருப்பும்போது 60 டிகிரி சாய்த்து எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பு) இழுத்தால் ஸ்டால் வேகம் 64-க்கு ஏறிவிடும். ஒரு பக்க இறக்கை சட்டென்று கவிழும். 30 டிகிரி சாய்வில் 48-தான். அகலமாகத் திருப்புங்கள், த்ராட்டிலைத் தொடாதீர்கள்.

வடக்கோரம் நின்று தெற்கே பார்த்துப் பறக்க விடுவது நல்லது. சித்திரைக் கடைசியிலிருந்து ஆவணி தொடக்கம் வரை இங்கே உச்சி வெயில்கூட நமக்கு வடக்கேதான், கண் கூசாது.

ஓடுதளமாகப் பலரும் வறண்ட குளத்தைத்தான் எடுக்கிறோம். நம்ம குளங்களுக்குப் பெரும்பாலும் கரை கிழக்கே. மேல்காற்றை எதிர்த்து இறங்க அந்தக் கரையையும் அதன் மேல் நிற்கும் பனைகளையும் தாண்டித்தான் வர வேண்டும். கரைக்கு வெளிப்புறம் காற்று சுருண்டு மாடலைக் கீழே அமுக்கும். தாண்டியதும் உள்சரிவில் மோதி எழும் காற்று மேலே தூக்கும். தூக்கியதும் மூக்கை அமுக்கக் கூடாது. கரையிலிருந்து 70 மீட்டராவது உள்ளே தள்ளித் தொடுவதாகக் கணக்கு வையுங்கள்.

ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் மடிப்பு) காற்றோடு போகும்போதே, வேகம் அடங்கிய பிறகு இறக்குங்கள். ஃபிளாப் இறங்கினால் மூக்கு எவ்வளவு தூக்குகிறது, அதை ஈடுகட்ட எவ்வளவு டவுன் எலிவேட்டர் மிக்ஸ் (ஃபிளாப்போடு தானாகவே மூக்கைத் தாழ்த்தும் ரிமோட் அமைப்பு) வேண்டும் என்பதை 50 மீட்டர் உயரத்தில் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். ஓடுதளத்தின் நேர்கோட்டுக்கு வந்த பின் வேகத்தைக் கட்டுப்படுத்த எலிவேட்டர், இறக்கத்தைக் கட்டுப்படுத்த த்ராட்டில். மாடல் தாழ்வாக வந்தால் எலிவேட்டரை இழுக்காமல் த்ராட்டில் கொடுங்கள்.

தரையை நெருங்க நெருங்க எதிர்காற்று குறையும், அதோடு இறக்கைக்குக் கிடைக்கும் வேகமும் குறையும். டக்டட் ஃபேனோ த்ராட்டில் கொடுத்த உடனே வேகம் பிடிக்காது. அதனால் ரெண்டு முழ உயரம் வரை மூன்றில் ஒரு பங்கு த்ராட்டில் இருக்கட்டும். அதன் பிறகு மெள்ளக் குறைத்து, மட்டமாகப் பிடித்து, எலிவேட்டரைத் துளித்துளியாக இழுத்தால் பின்சக்கரங்கள் முதலில் தொடும்.

துள்ளினால்? டவுன் எலிவேட்டர் கொடுத்தால் மூக்குக்கால் முறியும். மட்டமாகப் பிடித்து, த்ராட்டில் கொடுத்து, இன்னொரு சுற்று போய் வாருங்கள். அந்தச் சுற்றுக்கு பேட்டரி வேண்டுமே: 4000 எம்.ஏ.ஹெச். பேட்டரியில் 2800-க்கு மேல் செலவாகாதபடி டைமர் வையுங்கள்.

பறக்கும் முன்னால் குளத்தை ஒரு தடவை நடந்து பாருங்கள். சேறாக இருந்தபோது மாடு மிதித்த குளம்புத் தடம் காய்ந்து, மூன்று விரல் ஆழத்தில் ஓடு மாதிரி இறுகிக் கிடக்கும். சின்ன மூக்குச் சக்கரம் அதில் இறங்கினால் ரெட்ராக்ட் (மடங்கும் சக்கரக்கால்) பிடிமானத்தோடு பெயர்ந்துவிடும். தொடும் இடத்திலிருந்து 40 மீட்டராவது மண்வெட்டியால் தட்டிச் சமன் செய்ய வேண்டும்.