கடலுப்பும் குப்பைப் புகையும் ஒரே தராசில்

வாடைக்காற்று தொடங்கினால் அம்மாவுக்கு முட்டு வந்துவிடும். 2022 டிசம்பரில் இந்தியப் பக்கமிருந்து அழுக்குக் காற்று வந்து இலங்கை முழுக்கப் புகைமூட்டமாகி, 9ஆம் திகதி பள்ளிக்கூடங்களையே மூடினார்களே, அந்த நாட்களில்தான் காற்றுத் தூசியின் அளவை ஃபோனில் பார்க்கப் பழகினேன். அந்த எண்ணில் எனக்கு இப்போது முழு நம்பிக்கை இல்லை. பிழையான எண் என்பதல்ல, அது தூசியின் எடையை மட்டும்தான் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் நுண்தூசியின் (PM2.5) ஆண்டுச் சராசரிக்கு வைத்த எல்லையும், கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம், எடைதான்.

திருகோணமலையில் இது பெரிய சிக்கல். கடற்காற்று அடிக்கும் நாளில், காற்றை இழுத்துத் தூசி பிடிக்கும் வடிதாளில் படிவதில் கணிசமான பங்கு உப்பு. பின்வளவில் யாரோ பிளாஸ்டிக்கோடு குப்பை கொளுத்திய மாலையில் படிவது கரி, குயினோன்கள் என்னும் சேதனச் சேர்வைகள், உலோகத் துகள்கள். தராசுக்கு இரண்டும் ஒன்று, நுரையீரலுக்கு அப்படியில்லை. குயினோனும் செம்பு, மங்கனீசு போன்ற உலோகங்களும் உள்ளே போய், தாக்குதிறன் கூடிய ஒட்சிசன் வடிவங்களை, அதாவது சுப்பரொட்சைட்டு, ஐதரசன் பேரொட்சைட்டு போன்றவற்றைத் திரும்பத் திரும்ப உண்டாக்கும். நுரையீரலின் ஈரப்படலத்தில் இருக்கும் விற்றமின் சி, குளுட்டதயோன் போன்ற காப்புப் பொருட்கள் எல்லாம் அவற்றோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும்.

இதை அளக்க டைதயோத்ரெய்டால் என்றொரு பொருள் இருக்கிறது. வடிதாளை நீரில் போட்டுக் கரைசல் எடுத்து, உடம்பைப் போலவே 37 பாகை சூட்டில், 7.4 பிஎச்சில் இதோடு சேர்த்து வைப்போம். தூசி எவ்வளவு மோசமோ அவ்வளவு வேகமாக அது குறையும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்து எல்மன் கரைசல் விட்டால், மிஞ்சியிருக்கும் டைதயோத்ரெய்டாலின் அளவுக்கு மஞ்சளாகும், அந்த மஞ்சளை 412 நானோமீட்டரில் வாசிக்கிறோம். மஞ்சள் வெளிறிக்கொண்டே போனால் தூசி வேலை செய்கிறது என்று அர்த்தம். டைதயோ தானாகவும் கொஞ்சம் ஒட்சியேறும், அதனால் காற்றுப் படாத வெறும் வடிதாள் ஒன்றையும் கூடவே ஓட்டிக் கழிக்க வேண்டும்.

எங்கள் மொட்டைமாடியில் பிடித்த இரண்டு வடிதாள்களை ஓட்டினேன். உப்புப் படிந்ததில் மஞ்சள் அப்படியே நின்றது. குப்பை கொளுத்திய மாலையில் பிடித்தது எடையில் குறைவு, ஆனால் மஞ்சளைக் கண்ணெதிரே தின்றது. வெறும் இரண்டு தாள்தான், இதை வைத்து ஊருக்கே முடிவு சொல்ல முடியாது, சரி. ஆனாலும் அன்று இரவு நான் தூங்கவில்லை. அம்மா மாலையில் உட்காருவது அந்தப் பின்வளவு யன்னலடியில்.

இதிலும் ஒரு குறை இருக்கிறது. தூசி இனி உண்டாக்கப்போவதைத்தான் டைதயோ காட்டும். தூசியிலேயே ஏற்கனவே ஒட்டியிருக்கும் ஒட்சிசன் வடிவங்களில் பல சில நிமிடங்களில் அழிந்துவிடும், நான் வடிதாளை ஈயத்தாளில் சுற்றி, ஐஸ் பெட்டியில் வைத்து, இரவு பஸ்ஸில் கொழும்புக்குக் கொண்டு போவதற்குள் அவை போயே போய்விடும். அவற்றைப் பிடிக்க டைகுளோரோடைஐதரோஃபுளோரெசின் என்ற சாயப்பொருள் வேண்டும். பெரொக்சிடேசு நொதி இருக்கும்போது அது ஒட்சியேறிப் பச்சையாக ஒளிரும். அப்புறம் தூசி பிடித்த இடத்திலேயே, பிடித்த கையோடு அளக்க வேண்டும்.

நொதி சூடு தாங்காது, வேண்டியது ஒரு குளிர்சாதனப் பெட்டி, ஒரு மேசை, ஒளிர்வை வாசிக்கும் கருவி. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் யாரிடமாவது அப்படி ஒரு மூலை இருந்தால் சொல்லுங்கள். இந்த மார்கழிக்குள் தொடங்க வேண்டும்.