அண்ணனின் விசரா அறிக்கைக்காக அலைந்த ஒன்பது மாதங்கள்

அண்ணனின் மரணம் குறித்த இறுதி மருத்துவக் கருத்து சென்ற வாரம்தான் எங்கள் கைக்கு வந்தது. அவர் 2024 செப்டம்பரில், வேலை பார்த்த ஊரில் தனியாகத் தங்கியிருந்த அறையில் இறந்து கிடந்தார். கதவு உட்புறம் தாழிடப்பட்டிருந்தது, உடலில் காயம் எதுவும் இல்லை. “அறுக்க வேண்டாம், அப்படியே கொடுத்துவிடுங்கள்” என்று அண்ணி அழுது கேட்டும் பயனில்லை. மரணத்தின் காரணத்தில் ஐயம் இருந்தால் உடலைப் பரிசோதனைக்கு அனுப்பும் அதிகாரம் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவின்படி (பழைய சட்டத்தில் 174) காவல்துறைக்கு உண்டு என்றும், அதற்குக் குடும்பத்தின் சம்மதம் தேவையில்லை என்றும் உதவி ஆய்வாளர் பொறுமையாகவே விளக்கினார். மறுநாள் பரிசோதனை முடிந்து உடலைக் கொடுத்துவிட்டார்கள்.

அன்று ஒன்றை மட்டும் சரியாகச் செய்தோம். அண்ணன் இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிட்டுவந்த மருந்துச் சீட்டை, பரிசோதனை தொடங்கும் முன்பே உதவி ஆய்வாளரிடம் கொடுத்துவிட்டோம். வயிறு, குடல், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் பகுதிகளை (இவற்றைத்தான் விசரா என்கிறார்கள்) ஜாடியில் உப்புக் கரைசலில் இட்டு நச்சுப் பரிசோதனைக்கு எடுத்துவைத்த மருத்துவர், அந்தச் சீட்டைப் பார்த்த பிறகு, இதயத்தையும் ஃபார்மலினில் தனியே திசுப் பரிசோதனைக்கு அனுப்பினார். நச்சைத் தேடும் வேதிப் பரிசோதனையில் மாரடைப்பு தெரியவராது. அவ்வாறு சீட்டு இருப்பவர்கள் தயவுசெய்து அதைப் பையிலேயே வைத்திருக்காதீர்கள்.

பிறகு ஐந்து மாதங்கள் எதுவும் நடக்கவில்லை. விசரா அறிக்கையும் இறுதிக் கருத்தும் இல்லாமல் காப்பீட்டுத் தொகை தர இயலாது என்று நிறுவனம் எழுதிவிட்டது. அதைவிட, “மருந்து குடிச்சிட்டானாம்” என்ற ஊர்ப் பேச்சுதான் அண்ணியை வாட்டியது. காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் எழுத்தரிடமிருந்து “லேபுக்குப் போயிடுச்சு, அங்க கேளுங்க” என்ற ஒரே பதில்தான் வரும். இரவுப் பேருந்தில் ஆய்வகத்துக்கே போனேன். அங்கே பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்தக் குற்ற எண்ணில் ஜாடி எதுவும் ஏற்கப்படவில்லை என்றார்கள்.

ஜாடி மருத்துவமனைப் பிணவறையின் அலமாரியிலேயே இருந்தது. வெள்ளைத் துணி சுற்றித் தைத்து, அரக்கு முத்திரை வைத்து, அண்ணன் பெயர் எழுதிய சீட்டு ஒட்டிய அந்த ஜாடியைப் பார்த்தபோது என்னால் அங்கே நிற்க முடியவில்லை. எங்கள் அப்பாவின் பெயர் ‘க’வில் தொடங்கும், ஆங்கிலத்தில் எழுதும்போது ஜாடியின் சீட்டில் முன்னெழுத்து ‘கே’ என்றும், காவல் நிலையக் கடிதத்தில் ‘ஜி’ என்றும் இருந்ததால் ஆய்வகம் அதைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. திரும்பக் கொண்டுவந்த காவலர் மாறுதலில் போய்விட்டார். நிலையத்தில் யாரும் அதைக் குறித்துவைக்கவில்லை. ஒரே ஓர் எழுத்துக்காக ஐந்து மாதங்கள் போயின என்பதை இப்போது நினைத்தாலும் ஆறவில்லை.

காவல் துணைக் கண்காணிப்பாளரிடம் மனு கொடுத்த நான்காம் நாள் திருத்திய கடிதம் தயாரானது. இம்முறை கடிதத்தை அண்ணனின் ஆதார் அட்டையோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்து, நகல் வாங்கிக்கொண்டு, ஆய்வகம் ஏற்றுக்கொண்டதும் அங்கே இடப்பட்ட எண்ணையும் கேட்டுப் பெற்றேன். “அனுப்பிவிட்டோம்” என்ற சொல்லை நம்பாமல், அந்த எண்ணை முதல் மாதத்திலேயே கேளுங்கள். அறிக்கை வந்த பிறகும் ஓய்ந்துவிட வேண்டாம்: எங்கள் அறிக்கை காவல் நிலையத்துக்கு வந்து மூன்று வாரம் கோப்பிலேயே கிடந்தது, அதையும் திசுப் பரிசோதனை முடிவையும் பரிசோதனை செய்த மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் அவர் இறுதிக் கருத்தை எழுத முடியும்.

இதய இரத்தக் குழாய் அடைப்பால் மரணம் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். அதற்கு மேலே இருந்த “நச்சுப் பொருள் எதுவும் கண்டறியப்படவில்லை” என்ற வரியைத்தான் அண்ணி மகனை விட்டு இரண்டு முறை உரக்க வாசிக்கச் சொன்னார். காப்பீட்டு நிறுவனத்துக்கு நாளை நகல் கொடுக்கப் போகிறோம்.