உப்பு முட்டி

1974 இல் எட்டாம் வகுப்பில் என்னோடு இருந்தவர்களிடம் "மண் வகுப்பு" என்று சொன்னாலே போதும், சிரித்துவிடுவார்கள். 1972 இன் கல்விச் சீர்திருத்தம் பாடசாலைகளுக்குத் தொழில் முன்னிலைப் பாடங்களைக் கொண்டுவந்திருந்தது. சில இடங்களில் மீன்பிடி, சில இடங்களில் விவசாயம். கொழும்பில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே இருந்த நமக்கு எப்படியோ மட்பாண்டம் வாய்த்தது. வீட்டில் சொன்னபோது அப்பா பத்திரிகையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "பாணுக்கு வரிசையில் நிற்கிற காலத்தில் சட்டி செய்யப் படிப்பிக்கிறார்களாம்" என்றார், அவ்வளவுதான்.

சித்திர மாஸ்டருக்குச் சக்கரம் பிடிபடாது. ஆகவே களனிப் பக்கத்திலிருந்து ஒரு பாஸ், சட்டி செய்யும் கைவினைஞர், வந்தார். மடித்துக் கட்டிய சாரம், வாயில் வெற்றிலை, முழங்கை வரை காய்ந்த மண். அவருக்குத் தமிழ் தெரியாது. எங்களுக்குத் தெரிந்த சிங்களமோ பஸ் கொண்டக்டரோடு மிச்சக் காசுக்குச் சண்டை பிடிக்க மட்டுமே போதும். ஆண்டு முழுவதும் அவர் எங்களிடம் அதிகம் சொன்ன சொல் "ஹெமின்". மெதுவாக.

சக்கரத்தின் நடுவில் மண்ணை நிறுத்துவதுதான் முதல் வேலை. முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, உடம்பின் பாரத்தை உள்ளங்கையில் இறக்க வேண்டும். கை பதறினால் மண்ணும் பதறும். ஐந்தாறு வாரம் சேற்றில் குளித்த பிறகு ஒரு முட்டியை எழுப்பிவிட்டேன். பாஸ் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், தலையை ஆட்டினார், இடுப்பிலிருந்து ஒரு நூலை எடுத்து மேலிருந்து கீழாக இரண்டாக அறுத்தார்! எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் ஒரு பாதியைத் திருப்பி என் முகத்துக்கு நேரே பிடித்தார். வாய்ப்பக்கம் வெற்றிலை போல மெல்லிசு, அடியில் இரண்டு விரல் தடிப்பு. வெளியிலிருந்து பார்த்தால் அழகான முட்டிதான்.

மே மாத மழை தொடங்கினால் கொழும்பில் துணியே காயாது, சட்டி எங்கே காயும்? எங்களுக்குப் பொறுமை இல்லை. ஈரம் போகுமுன் அடுக்கிச் சூளையை மூட்டிவிட்டோம். தேங்காய்ப் பொச்சு பற்றிய சிறிது நேரத்தில் உள்ளே சீனவெடி போலச் சத்தம். சுவருக்குள் அகப்பட்ட நீர் ஆவியாகிப் பிளக்கிறது என்பது பிறகு பௌதிக வகுப்பில் புரிந்தது. பன்னிரண்டில் மூன்று தப்பின. கழுத்துக் கோணிய என் முட்டியும் அதில் ஒன்று.

அம்மா அதில் கல்லுப்புப் போட்டு அடுப்படியில் வைத்தார். சில வாரங்களில் வெளிச்சுவரில் வெள்ளையாகப் பூத்தது. உப்புநீர் மண்ணுக்குள் ஊறி, வெளியே வந்து காய்ந்து, படிகமாகி நிற்கும். அம்மா போகும்போதும் வரும்போதும் அதை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துக்கொள்வார். 1983 யூலையில் வெள்ளவத்தை வீட்டோடு அதுவும் போயிற்று.

பிறகு ரொறன்ரோ, முப்பது வருடம் கணக்காளர் வேலை. ஓய்வு பெற்ற ஆறாம் மாதம் தூக்கம் கெட்டது. மகள் என்னைக் கேளாமலே சமூக நிலையத்தில் எட்டு வார மட்பாண்ட வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டாள். "உங்களை நீங்களே கொஞ்சம் கவனியுங்கோ அப்பா" என்று ஓர் ஆய்வையும் வாசித்துக் காட்டினாள். 2016 இல் பிலடெல்பியாவின் ட்ரெக்செல் பல்கலைக்கழகத்தார் 39 பேரை 45 நிமிடம் கலைவேலை செய்யவிட்டு உமிழ்நீரைச் சோதித்தார்களாம். நான்கில் மூன்று பங்கினருக்கு மன அழுத்தத்தோடு தொடர்புடைய கோர்ட்டிசோல் குறைந்திருந்ததாம். கணக்காளன் அல்லவா, கேள்வி கேட்டேன். அவர்களுக்குக் களிமண்ணோடு மார்க்கர் பேனாவும் ஒட்டுப்படத் தாளும் கொடுத்திருக்கிறார்கள். பெருமை முழுவதையும் மண்ணுக்கே எழுதுவது நியாயமில்லை.

ஆனால் போனேன். கோவிலில் கண்ணை மூடிக்கொண்டு வங்கிக் கணக்குப் பார்த்தவன் நான். சக்கரத்தில் அது நடக்காது. மனம் ஓரடி விலகினால் மண் உடனே ஆடிக் காட்டிக்கொடுத்துவிடும். வகுப்பு நாள்களில் மாத்திரை இல்லாமல் தூங்குகிறேன். மற்ற நாள்களைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன்.

இங்கே பிரச்சினை தலைகீழ். குளிர்கால ஹீட்டரில் மண் அவசரமாகக் காய்ந்து விரிசல் விடுகிறது. பிளாஸ்டிக் பையால் மூடி, காய்வதைத் தாமதப்படுத்த வேண்டும். ஹெமின்.

கடைசி வாரம் ஒரு முட்டி எழுப்பினேன். கழுத்து தானாகவே கோணியது. பளபளப்புப் பூசி இரண்டாம் முறை 1200 பாகைக்கு மேல் சுடலாம் என்றாள் ஆசிரியை, என் மகள் வயதுப் பெண். முதற்சூட்டோடு நிறுத்தச் சொன்னேன்.

"தண்ணீர் கசியுமே" என்றாள்.

கசியட்டும் என்றேன்.

கல்லுப்பைச் சற்று ஈரமாகவே போட்டு வைத்தேன். மார்ச் மாதம் ஒரு காலை, அடிப்பக்கத்தில் வெள்ளை கண்டிருந்தது. மனைவி துடைக்கத் துணி எடுத்தார். நான் முந்திக்கொண்டு நகத்தால் சுரண்டினேன்.