செய்ய வந்தவருக்கு எழுதுதல்

மென்பொருள் கையேட்டைத் திறப்பவர் படிப்பதற்காகத் திறப்பதில்லை. பாதியில் நிற்கும் ஒரு வேலையை முடிப்பதற்காகவே திறக்கிறார். தொழில்நுட்ப எழுத்தில் ‘மினிமலிசம்’ என்று சொல்லப்படும் அணுகுமுறை இந்த ஓர் உண்மையிலிருந்து கிளைத்தது. ஆனால் எங்கள் துறையில் பலரும் அதைப் பக்கங்களைக் குறைக்கும் உத்தியாக மட்டுமே எடுத்துக்கொள்வதால், அதன் முக்கியமான பாதி கைவிடப்படுகிறது என்பது என் வருத்தம்.

1980களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தின் வாட்சன் ஆய்வு மையத்தில் ஜான் கேரலும் அவருடைய சக ஆய்வாளர்களும், ‘டிஸ்ப்ளேரைட்டர்’ என்ற சொற்செயலியைப் புதியவர்கள் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்று அருகிலிருந்து கவனித்தார்கள். நன்கு திட்டமிட்டு எழுதப்பட்டிருந்த பயிற்சிக் கையேட்டை யாரும் அது எதிர்பார்த்தபடி வரிசையாகப் பின்பற்றவில்லை. முன்னுரையைத் தாண்டிப் போனார்கள், வேலையை உடனே தொடங்கப் பார்த்தார்கள், இடையில் ஏதாவது தவறு நேர்ந்தால் அதிலிருந்து மீளும் வழி தெரியாமல் நெடுநேரம் தடுமாறினார்கள். கேரல் குழு அதற்கு மாற்றாக எழுதிய சிறு கையேட்டில் முன்னோட்டங்களும் மீள்பார்வைகளும் நீக்கப்பட்டன. அவற்றை நீக்கிய கையோடு, தவறு நேர்ந்திருப்பதை எப்படி அறிவது, எப்படிச் சரிசெய்வது என்ற செய்திகள் புதிதாகச் சேர்க்கப்பட்டன. பழைய கையேட்டில் பாதி அளவுகூட இல்லாத அதைக் கொண்டு கற்றவர்கள் விரைவாகக் கற்றார்கள். பின்னர் 1995இல் ஹான்ஸ் வான் டெர் மெய்யுடன் சேர்ந்து கேரல் இந்த அணுகுமுறையை நான்கு கொள்கைகளாக வகுத்தபோது, தவறுகளை உணரவும் அவற்றிலிருந்து மீளவும் உதவுவது அவற்றில் ஒன்றாக இடம்பெற்றது. வெட்டுவதை மட்டும் கற்றுக்கொண்டு சேர்ப்பதை மறந்துவிட்டோம் என்று நான் சொல்வது இதைத்தான்.

ஒரு மருந்துக்கடையின் பில்லிங் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதன் கையேட்டில் ‘விற்பனைத் திரும்பப்பெறல் தொகுதி’ என்று தலைப்பிட்டு, அந்தத் தொகுதி பயனருக்கு வழங்கும் வசதிகளை ஒரு பத்தி விவரிப்பது வழக்கம். கல்லாவில் நிற்பவருக்கு அப்படியொரு தொகுதி இருப்பதே தெரிய வேண்டியதில்லை. வாடிக்கையாளர் ஒரு ஸ்டிரிப்பைத் திருப்பிக் கொடுக்கிறார். அதற்கான தொகையைக் கழிக்க வேண்டும். ஆகவே தலைப்பு ‘திருப்பிக் கொடுத்த மருந்தைப் பில்லில் கழித்தல்’ என்று இருப்பதே பொருத்தம். முதல் படி இது: “பழைய பில் எண்ணைத் தட்டி, என்டரை அழுத்துங்கள்.” அடுத்து, அழுத்தினால் என்ன தெரியும் என்பது: “அந்தப் பில்லில் உள்ள மருந்துகள் பட்டியலாக வரும்.” பெரும்பாலான கையேடுகள் இத்துடன் இரண்டாம் படிக்குப் போய்விடுகின்றன. ஏப்ரல் மாதத்தில் கடைக்காரர் திணறும் இடமே இதுதான். ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் ஒரு நிதியாண்டுக்குள் தனித்திருந்தால் போதும் என்பதால், பல கடைகளில் ஏப்ரல் 1 அன்று எண் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். மார்ச்சில் வாங்கிய மருந்தின் பில் எண்ணைத் தட்டினால், பட்டியல் வராமல் போகலாம். அதைவிட மோசமாக, அதே எண் கொண்ட வேறொருவரின் பில் வந்து நிற்கலாம். “பட்டியல் வராவிட்டாலோ வேறு பில் வந்தாலோ, மேலே உள்ள நிதியாண்டை மாற்றி மீண்டும் தேடுங்கள்” என்ற ஒரு வரி கையேட்டின் நீளத்தைக் கூட்டத்தான் செய்யும். ஆயினும் மினிமலிசம் முதலில் கேட்பது அந்த வரியைத்தான்.

இத்தகைய வரி எழுதுபவரின் கற்பனையிலிருந்து வராது. உதவி மையத்துக்கு வரும் அழைப்புகளின் பதிவிலிருந்தோ, கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பதிலிருந்தோதான் வரும்.

ஒவ்வொரு வகைச் செய்திக்கும் முன்கூட்டியே இடம் வகுத்து எழுதும் ‘கட்டமைப்புள்ள எழுத்து’ இங்கே பெரிதும் துணைசெய்கிறது. ஐபிஎம்மில் உருவாகி, 2005இல் ஓயாசிஸ் என்ற தரநிலை வகுக்கும் அமைப்பின் தரநிலையாக ஏற்கப்பட்ட ‘டிட்டா’ என்னும் எழுத்து முறை, கருத்து விளக்கம், செயல்முறை, குறிப்புத்தகவல் ஆகியவற்றைத் தனித்தனி வகைகளாகப் பிரிக்கிறது. செயல்முறை வகைக்குள், தொடங்குமுன் தேவைப்படுபவை, சூழல், படிகள், ஒவ்வொரு படியின் கட்டளை, அந்தப் படியின் விளைவு, இறுதி விளைவு என ஒவ்வொன்றுக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. படிகளுக்கு நடுவே நீண்ட தத்துவ விளக்கத்தை நுழைக்க முற்பட்டால், அதற்கு உரிய இடம் அங்கே இல்லை என்பது எழுதும்போதே தெரிந்துவிடும். 2015இல் வந்த 1.3 பதிப்பு, சிக்கல் தீர்ப்பதற்கென்றே தனி வகையைச் சேர்த்தது. அது காலத்தால் செய்த நல்ல சேர்க்கை என்றே கருதுகிறேன். ஆனால் படியின் விளைவை எழுதுவதைத் தரநிலை கட்டாயமாக்கவில்லை. அந்த இடம் காலியாக இருந்தாலும் கோப்பு சோதனையில் தேறிவிடும். ஆயிரம் கோப்புகள் அப்படியே தேறியும் இருக்கும். எழுதியதை மறுபயன்படுத்தலாம், மொழிபெயர்ப்புச் செலவு குறையும் என்ற காரணங்களுக்காகவே நிறுவனங்கள் டிட்டாவை ஏற்பதால், இந்தக் காலியிடங்களை யாரும் கேள்வி கேட்பதில்லை.

தமிழில் எழுதும்போது இன்னொன்றும் உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் நிற்கிறது. நிபந்தனை இயல்பாகவே முன்னால் வந்துவிடுவது நமக்கு வசதி: “பேட்ச் எண் பொருந்தினால், சேமியுங்கள்” என்று படிப்பவர் சரிபார்க்கும் முன்பே பொத்தானை அழுத்திவிட மாட்டார். ஆனால் ஒரே படியில் மூன்று செயல்களை எச்சங்களால் கோத்துவிட்டால், எதைச் செய்யச் சொல்கிறார்கள் என்பதற்காக அவர் வரியின் முடிவுவரை காத்திருக்க வேண்டியதாகிறது. அதனால் தமிழ்ப் படிகளை ஒரு படிக்கு ஒரு வினைமுற்று என்று நான் பிரிக்கிறேன்.

எச்சரிக்கைகளை வெட்ட வேண்டியவற்றின் கணக்கில் சேர்க்கக் கூடாது. தரவு அழியக்கூடிய இடத்திலும், கருவியால் காயம் ஏற்படக்கூடிய இடத்திலும் எச்சரிக்கை முழுமையாக, அந்தச் செயலுக்கு முன்பே வர வேண்டும். முன்னுரைகளையும் வசதிகளின் புகழுரைகளையும் எடுத்துவிட்டாலே, எச்சரிக்கைக்கும் தவறு திருத்தும் வரிகளுக்கும் தேவையான இடம் பக்கத்தில் கிடைத்துவிடுகிறது.