தில்லிக் குளிரும் என் கால்களும்

டிசம்பர் 14, 2025, ஞாயிறு

ஆர்.கே. புரத்தில் குளிர் ஆரம்பித்துவிட்டது. பால்கனிக் கம்பிகளிலெல்லாம் ரஜாய்கள், அதாவது பஞ்சு வைத்த கனமான போர்வைகள், வெயில் காய்கின்றன. எனக்கு இது கால்கள் இறுகும் பருவம். நரம்பியல் டாக்டர் ஒவ்வொரு முறையும் கேட்பார்: எந்த நேரத்தில், எந்தக் கால், எவ்வளவு நேரம்? பதில் எழுத்தில் இருந்தால் அவருக்கும் வசதி, எனக்கும் வசதி. இதே தொல்லையோடு இருக்கும் யாராவது படித்தால் இன்னும் நல்லது.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: 2021-ல் எனக்குத் தண்டுவடத்தில் அழற்சி வந்தது. டிரான்ஸ்வர்ஸ் மைலைட்டிஸ் என்று பெயர். விபத்து எதுவும் இல்லை. முதுகு வலித்தது, மறுநாள் கால் மரத்தது, அதற்கடுத்த நாள் எழுந்து நிற்க முடியவில்லை. எம்.ஆர்.ஐ.யில் டி8 மட்டத்தில், அதாவது நடு முதுகில், வீக்கம் தெரிந்தது. ஸ்டீராய்டு ஏற்றினார்கள். பாதி மீண்டது. வீட்டுக்குள் வாக்கர், வெளியே வீல்சேர்.

மிச்சம் இருப்பது இரண்டு தொல்லைகள். பார்க்க வருகிறவர்கள் இரண்டையும் சேர்த்து "நரம்பு வலி" என்பார்கள். சேர்த்துப் பார்த்தால் வைத்தியம் குழம்பிவிடும். ஒன்று எரிச்சல். பழுதான தண்டுவடம் மூளைக்குத் தப்பான தகவல் அனுப்புகிறது. பாதத்தில் ஒரு கீறல்கூட இருக்காது, ஆனால் அம்மியில் மிளகாய் அரைத்த கை எரியுமே, அப்படி எரியும். பாரசிட்டமால் இதைத் தொடாது. இன்னொன்று இழுப்பு. தசைகளை அடக்கிவைக்கும் மூளையின் கட்டளை டி8-க்குக் கீழே சரியாக இறங்குவதில்லை. கீழே இருக்கும் அனிச்சைச் செயல் மட்டும் கட்டுப்பாடில்லாமல் ஓடுகிறது. தொட்டால், திரும்பிப் படுத்தால், குளிர்ந்தால், கால் தானாக வெட்டி இழுக்கிறது. எரிச்சலுக்கு ப்ரீகாபலின், இழுப்புக்கு பேக்லோஃபென். ஒன்று செய்யும் வேலையை மற்றதிடம் எதிர்பார்க்க முடியாது.

டிசம்பர் 19, வெள்ளி

அம்மா கும்பகோணத்திலிருந்து வந்துவிட்டாள். பையில் நல்லெண்ணெய், கொள்ளு, சுக்கு. ராத்திரி ரஜாயை இழுத்து என் கால்மேல் போட்டதும் நான் துள்ளிவிட்டேன். இடது முழங்காலுக்குக் கீழே துணி உரசினாலே எரிகிறது. அழுத்திப் பிடித்தால் வலிக்காது, லேசாகப் பட்டால்தான் தாங்க முடியாது. விளக்கிச் சொன்னாலும் யாருக்கும் நம்பச் சிரமமாக இருக்கும்.

இதற்கு நான் கண்ட வழி ஓர் அட்டைப்பெட்டி. இரண்டு பக்கம் வெட்டி, கட்டிலின் கால்மாட்டில் கூடாரம்போல் நிறுத்திவிடுவேன். ரஜாய் அதன்மேல் கிடக்கும், கால் உள்ளே இருக்கும். குளிரும் வராது, துணியும் படாது. சாக்ஸை உள்வெளியாகத் திருப்பிப் போடுகிறேன், விரல்நுனித் தையல் உறுத்தாது.

அம்மா சுடுதண்ணிப் பையை நிரப்பிக்கொண்டு வந்தாள்.

"வேண்டாம்மா. கொப்புளம் வந்தாலும் எனக்குத் தெரியாது."

"எரியுதுங்கறே, சூடு தெரியாதுங்கறே. எதுடி நிஜம்?"

"ரெண்டும் நிஜம்மா."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பையைத் தன் இடுப்புக்கு வைத்துக்கொண்டாள். உணர்ச்சி குறைந்த காலில் சுடுதண்ணிப் பையோ ஹீட்டரோ படவே கூடாது. ஹீட்டர் அறையைச் சூடாக்கட்டும், கட்டிலிலிருந்து தள்ளியே இருக்கட்டும். படுக்கப் போகும்போது அணைத்துவிடுகிறோம்.

டிசம்பர் 27, சனி

மூன்று நாளாக இழுப்பு கூடியிருக்கிறது. விடியற்காலையில் இரண்டு முழங்காலும் மடங்கி வயிற்றுப் பக்கம் வருகின்றன. நீட்டிவிட்டால் திரும்ப மடங்குகின்றன. நேற்று படுக்கையிலிருந்து வீல்சேருக்கு மாறும்போது வலது கால் வெட்டி, என் கணவர் பிடிக்காவிட்டால் கீழே போயிருப்பேன்.

"குளிர்தான், மாத்திரையை ஏத்திக்கச் சொல்லு டாக்டர்கிட்ட" என்றார் இவர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. டி8-க்குக் கீழே எதுவும் எனக்கு நேராகச் சொல்லாது. மூத்திரப்பை நிறைந்ததும், மலம் கட்டியதும், நகம் சதைக்குள் வளர்ந்ததும், புட்டத்தில் தோல் சிவந்ததும் இழுப்பாகத்தான் வெளியே வரும். காரணம் உள்ளே இருக்கும்போது மாத்திரையைக் கூட்டினால் தூக்கம்தான் கூடும்.

ஆகவே தேடினோம். கண்ணாடியை வைத்துப் பின்பக்கத் தோலைப் பார்த்தேன், சிவப்பு இல்லை. நகங்கள் சரி. வயிறு சரி. கதீட்டரில், அதாவது மூத்திரம் எடுக்கும் குழாயில், வந்த மூத்திரம் கலங்கலாக இருந்தது, வாடையும் மாறியிருந்தது. மற்றவர்களுக்கு மூத்திரம் போகும்போது வரும் எரிச்சல் காட்டிக்கொடுக்கும். எனக்கு அந்த எரிச்சல் தெரிய வழியில்லை. காலையிலேயே கல்ச்சருக்குக் கொடுத்தாயிற்று.

டிசம்பர் 30, செவ்வாய்

கிருமி இருக்கிறது. எந்த ஆன்டிபயாடிக் கேட்கும் என்று கல்ச்சரில் வந்துவிட்டது, தொடங்கியாயிற்று. பேக்லோஃபென் பழைய அளவிலேயே தொடர்கிறது.

ஜனவரி 6, 2026, செவ்வாய்

இழுப்பு பழைய நிலைக்கு இறங்கிவிட்டது. மாத்திரை ஒரு மில்லிகிராம்கூட ஏறவில்லை. இதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

மருந்துக்கடையில் பேக்லோஃபென் தீர்ந்துவிட்டதாம், "ரெண்டு நாள் பொறுங்க" என்றார்கள். இதில் பொறுக்கவே கூடாது. பேக்லோஃபெனைத் திடீரென்று நிறுத்தினால் இழுப்பு பல மடங்காகத் திரும்பி வரும், மனக்குழப்பம், வலிப்பு வரைக்கும் போகலாம். குறைப்பதென்றால் டாக்டர் சொல்கிற வேகத்தில், படிப்படியாக. பக்கத்து வீட்டு மாமியின் பையன் பனிமூட்டத்தில் முனிர்கா வரை ஸ்கூட்டரில் போய் வாங்கி வந்தான். பத்து நாள் மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும் என்று கணவரிடம் சொல்லி, காலண்டரில் குறித்தாயிற்று.

சாயங்காலம் டியூஷன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருபடிச் சமன்பாட்டில் இருந்தார்கள். மேஜையின் மேலிருந்த எவர்சில்வர் டம்ளர் கிடுகிடுவென்று நடுங்க ஆரம்பித்தது. கீழே என் வலது பாதம், நுனி மட்டும் தரையில் ஊன்றி, மேலும் கீழும் அடித்துக்கொண்டிருந்தது. பையன் ஒருவன் டம்ளரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஆன்ட்டி, பூகம்பமா?" தில்லிப் பிள்ளை, சந்தேகம் நியாயம்தான். முழங்காலைக் கையால் கீழே அழுத்தி, குதிகாலைத் தரையில் பதித்தேன். நின்றுவிட்டது. இன்னொரு தடவை வந்தபோது அவனையே அழுத்தச் சொன்னேன். குதிகால் பதிந்ததும் நடுக்கம் நின்றதை அவன் கையாலேயே உணர்ந்தான். ஏன் என்று கேட்டான். கெண்டைக்கால் தசை இழுபடும்போது தண்டுவடம் திருப்பி உதைக்கிறது, அந்த உதை மறுபடி இழுவையைக் கொடுக்கிறது என்றேன். சமன்பாட்டை விட அதை நன்றாகக் கேட்டுக்கொண்டான்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பால் பொங்கும்போது நான் நின்றுகொண்டுதான் இருந்தேன், சமையல் மேடையைப் பிடித்தபடி. அம்மா பின்னால் நாற்காலியோடு தயாராக இருந்தாள்.

இறுக்கத்தை எதிரியாகவே பார்க்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். என் தொடையில் சொந்த பலம் குறைவு. முழங்கால் மடங்காமல் நிறுத்துவதில் பாதிப் பங்கு அந்த இறுக்கத்தினுடையது. போன வருஷம் பேக்லோஃபெனைக் கூட்டியபோது இழுப்பு அருமையாக அடங்கியது, கூடவே முழங்காலும் துவண்டது. பல் தேய்க்கக்கூட நிற்க முடியவில்லை. டாக்டர் திரும்பக் குறைத்தார். எனக்கு வேண்டியது நிற்பதற்குப் போதுமான இறுக்கம், தூங்குவதற்குப் போதுமான தளர்வு. அதனால் பகல் அளவு குறைவு, இரவு அளவு அதிகம். மற்றதைப் பயிற்சி பார்த்துக்கொள்கிறது: காலையில் இருபது நிமிஷம் குப்புறப் படுத்து இடுப்பை நீட்டுவது, அப்புறம் துண்டைப் பாதத்தில் மாட்டி மெதுவாக இழுத்துப் பிடிப்பது. வெடுக்கென்று இழுத்தால் தசை எதிர்த்து இறுகும்.

பிப்ரவரி 3, செவ்வாய்

டாக்டரைப் பார்த்தோம். ஆட்டோ வசந்த் குஞ்ச் பக்கம் போகும்போதெல்லாம் மேஜர் அலுவாலியாவை நினைத்துக்கொள்வேன். 1965 மே மாதம் எவரெஸ்ட் ஏறியவர், அதே வருஷப் போரில் குண்டடி பட்டு வீல்சேருக்கு வந்தவர். இங்கே இருக்கும் தண்டுவடக் காய மையம் அவர் எழுப்பியது. அவர் பட்ட வலியை நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஆசை இருந்தது, 2022-ல் காலமாகிவிட்டார்.

இந்தக் குறிப்புகளை டாக்டர் முழுவதும் படித்தார். பாதத்தை மேலே தள்ளிப் பார்த்து, வலது கெண்டைக்கால்தான் முக்கியத் தொல்லை, அங்கே மட்டும் போட்டாக்ஸ் ஊசி போடலாம் என்றார். மாத்திரை உடம்பு முழுக்கப் போய் எல்லாத் தசையையும் தளர்த்தும், தூக்கமும் வரும். ஊசி போட்ட தசை மட்டும் தளரும், ஏறக்குறைய மூன்று மாதம் தாங்கும், தொடையின் இறுக்கம் அப்படியே இருக்கும். அந்த மூன்று மாதத்தில் பாதப்பட்டை மாட்டி, கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியை விடாமல் செய்தால்தான் பலன்.

எரிச்சலுக்கு இந்த ஊசி எதுவும் செய்யாது என்பதையும் சொன்னார். ப்ரீகாபலின் தொடரும். பாதம் வீங்குகிறதே என்று கேட்டேன். அந்த மருந்தால் வரக்கூடியதுதான், அடுத்த முறை அளவைப் பார்க்கலாம் என்றார்.

ஊசிக்குச் சரி சொல்லிவிட்டேன். பிள்ளைகளின் பொதுத்தேர்வு முடிந்ததும் தேதி வாங்க வேண்டும்.